கிரேன் கை எங்கே போகும்?

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கிரேன் கை எங்கே போகும் என்று தெரியவில்லை.

கிரேன் லாரி மடங்கி ரோபோவாகும் பொம்மை இது. லாரியின் தலை மார்பாகிவிட்டது. பின் சக்கரங்கள் கால்களுக்குள் ஒளிந்துவிட்டன. முகம்கூட நன்றாக வந்திருக்கிறது, எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போகிறவன் முகம். முதுகுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிரேன் கை மட்டும் எப்படி மடித்தாலும் எங்கேயாவது இடிக்கிறது. பழைய டிவி தொடரில் இந்தப் பிரச்சினையே கிடையாது. கிரேன் லாரி எழுந்து நிற்கும், புகை வரும், புகை விலகினால் இடிமலையன் நிற்பான். கிரேன் கை இருக்காது. அன்றைக்குப் படம் எடுத்தவர்களுக்கு ஒரு வாளிப் புகை போதும். எனக்குப் புகை இல்லை. கழற்றி வைக்கிற துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது எங்கள் பொம்மைக் கம்பெனியின் வறட்டு கௌரவம். அதிலும் இது பெரியவர்கள் வாங்கிச் சேர்த்து வைக்கும் விலையுயர்ந்த பொம்மை. சிறு வயதில் தொடரைப் பார்த்தவர்கள் ஒரு திருகாணி மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்படி ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். ஞாயிறு காலை தவறாமல் பார்த்தவர். எங்கள் வீட்டு டிவிக்குப் பரீட்சை முடிந்தால்தான் உறையைக் கழற்றுவார்கள், நான் ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. எனவே கட்டிய கணவரிடமே கேட்டேன்.

"கிரேன் கை எங்கேங்க போகும்?"

"புகைக்குள்ள போகும்."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல, அப்புறம் எதுக்குக் கேக்குற?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

அவர் கை விஷயத்தை எழுத வேண்டாம் என்று இருந்தேன். முடியவில்லை.

போன மழைக்காலத்தில், டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போது படி வழுக்கி, வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்புதான் சண்டித்தனம் செய்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து எதையும் கிள்ளிப் பிடிக்க முடிவதில்லை. பிசியோதெரபி பெண் பச்சைக் களிமண் உருண்டை ஒன்றைக் கொடுத்து, தினமும் கிள்ளுங்கள், கைவிட்டால் விரல் அப்படியே நின்றுவிடும் என்றாள். இரண்டு நாள் கிள்ளினார். "நான் என்ன சின்னப் பிள்ளையா, களிமண் உருட்ட?" உருண்டை ஜன்னல் திட்டில் காய்ந்து கிடக்கிறது.

பஸ் ஓட்டாவிட்டால் நான் எதற்கு லாயக்கு என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் நாலு வார்த்தை பதில் சொல்லலாம். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் போனால் என் கையைத் தட்டிவிடுகிறார். இப்போதெல்லாம் பனியன்தான்.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷன். அந்தச் சிரிப்பு போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 12, புதன்

பொம்மையின் மாதிரி வந்துவிட்டது. பாதி உலோகம், பாதி பிளாஸ்டிக், நல்ல கனம். கைகள் கனமாக இருப்பதால் தொங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ஒரு பல்சக்கரம். திருப்பினால் கடகடவென்று விழும். மீசை கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை ரசித்தார். மீசை என்பது எங்கள் பிரிவின் தலைவர். ஆள் வருவதற்கு முன் அது வந்துவிடும்.

"இந்தக் கடகடக்காகவே வாங்குவாங்கம்மா."

கிரேன் கையை இரண்டாக மடித்து முதுகில் ஒட்டவைத்திருக்கிறேன். இடிமலையன் பள்ளிக்கூடப் பையோடு நிற்கிறான். மீசைக்கு அதுவும் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. தொடரை எடுத்த டிவி கம்பெனியிலிருந்து ஒரு அம்மா திங்களன்று பார்க்க வருகிறார். அவர் சரி என்றால் இரும்பில் அச்சு வெட்டப் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு நூலளவு மாற்றுவதும் முடியாது.

மார்ச் 15, சனி

மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவரக் கூடாது. தெரிந்தேதான் செய்தேன். பார்த்தால் அவர் முகம் கொஞ்சமாவது மலரும் என்ற நப்பாசை.

சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சுற்றிச் சுற்றி வந்தார். தொடவில்லை.

"மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"வேற?"

"இவன் எடுத்த எடுப்புலயே நிமிர்ந்து நிக்க மாட்டான். கிரேன் கை மடங்குற வரைக்கும் கூனிக்கிட்டே இருப்பான். அது மடங்கினதும் டக்னு நிமிருவான். அதுக்குத்தானே நாங்க கைதட்டுவோம். நீ பாத்ததே இல்லையா?"

"எங்க வீட்டு டிவிக்குத்தான் உறை போட்டிருந்துதே."

"உங்கப்பா உனக்கும் சேர்த்துல்ல உறை போட்டிருக்கார்."

பழைய ஆள் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 16, ஞாயிறு

காய்கறி வாங்கப் போய்த் திரும்பினால் இடிமலையன் முதுகு உடைந்து நிற்கிறான்.

கிரேன் கையின் அடி முறிந்து, அதைப் பசை போட்டு ஒட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி மேசையில் — இருந்தது ஒரே ஒரு மாதிரி! நாளைக்கு அந்த அம்மா வராங்க! கத்தித் தீர்த்துவிட்டேன். கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? நானே மடிச்சுக் காட்டியிருக்க மாட்டேனா? திருட்டுத்தனமா எதுக்குத் தொடணும்?

அவர் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. "உன் பொம்மை என் கைக்கு ஆகாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

உடைப்பை எங்கே மறைக்கலாம் என்று விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தேன். உடைந்த இடத்துக்கு மேலே, விரலால் பிடிக்க வைத்திருக்கும் சின்ன நாக்கில், மஞ்சள் வண்ணம் பெயர்ந்து வரிசையாகக் குழிகள். நாக்கின் அடிப்பக்கத்திலும் அதே மாதிரி.

பல்.

இடது கையால் உடம்பைப் பிடித்துக்கொண்டு பல்லால் இழுத்திருக்கிறார். நான் வருவதற்குள். நான் பார்க்காமல்.

நான் என்ன கத்து கத்தினேன். ஐயோ, கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனான்னு வேற கேட்டேனே. இவரு எப்படிக் கேப்பாரு?

மார்ச் 17, திங்கள்

நல்லவேளை, டிவி கம்பெனி அம்மாவுக்கு வேறு வேலை வந்து அடுத்த திங்களுக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார். மீசை உடைப்பைப் பார்த்தார். நானே உடைத்தேன் என்றேன். "உனக்கேம்மா இந்த வேலை" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மத்தியானம் கிரேன் கையை விட்டுவிட்டு, இடிமலையனின் தோளை மட்டும் திருப்பிப் பார்க்கச் சொல்லி எல்லோரிடமும் நீட்டினேன். கணக்குப் பிரிவு அக்கா, "அம்மாடி, விரல் போச்சு" என்று திருப்பிக் கொடுத்தார். வாசல் காவலர் பாதி திருப்பிவிட்டு, உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பீர்களா என்று கேட்டார். வரவேற்பில் இருக்கும் பெண் தொடவே மறுத்துவிட்டாள். நகமாம்.

எங்கள் பிரிவில் மட்டும் எல்லோரும் வெண்ணெயில் கத்தி விட்டதுபோல் திருப்புகிறார்கள். காரணம் இருக்கிறது. வருஷக்கணக்காக நாள் முழுக்கப் பொம்மை மூட்டைத் திருப்பித் திருப்பி எங்கள் கட்டைவிரல் காய்த்துப்போய்விட்டது. அந்த விரலை வைத்துத்தான் மூட்டு சரியாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மீசையிடம் சொன்னேன்.

"வாங்குறவங்க கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டிடுவாங்கம்மா. எவன் திருப்பப் போறான்?"

"ஆசைப்பட்டவன் திருப்புவான் சார்."

"மூட்டைத் தளர்த்தினா கை தொங்கும். தொங்குற ரோபோவை எவன் வாங்குவான்?"

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் வரைபடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்?

மார்ச் 18, செவ்வாய்

எங்கள் இருவருக்கும் நடுவே காபி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

மார்ச் 20, வியாழன்

கிடைத்துவிட்டது!

பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது அவர் சொன்னது திரும்ப ஓடியது. அது மடங்கினதும் டக்னு நிமிருவான். கிரேன் கை மடங்குவதும் அவன் நிமிர்வதும் ஒரே காரியம். நான்தான் இரண்டாக வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிரேன் கை நீண்டிருக்கும்போது மூட்டுகளெல்லாம் தளர்ந்து கிடக்கட்டும். ஒரு விரலால் தள்ளினாலே போதும், எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விடும். கடைசியில் கிரேன் கையை முதுகுக்குள் அழுத்தினால், உள்ளே ஒரு கம்பி தள்ளி எல்லா மூட்டையும் ஒரே நேரத்தில் பூட்டும். கிள்ள வேண்டாம், உள்ளங்கையால் அழுத்தினால் போதும். அழுத்த அழுத்த அவன் நிமிருவான்.

இடம்? அந்தப் பெரிய பல்சக்கரங்களை எடுத்துவிட்டால் தோளுக்கு நடுவே தாராளமாக இடம் இருக்கிறது. கடகட சத்தத்துக்காக நாங்களே அடைத்துவைத்த இடம்.

கிரேன் கை அவன் முதுகெலும்பு. வேறெங்கே போகும்?

பக்கத்தில் நின்றவர் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

மார்ச் 22, சனி

வெள்ளை பிளாஸ்டிக்கில் அவசரமாகச் செய்த மாதிரியோடு வீட்டுக்கு வந்தேன். மீசையிடம் சொல்லிவிட்டுத்தான். மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தார் இவர், இடது கையாலும் முகவாயாலும்.

"எனக்கு ஒரு கை வேணும்" என்றேன்.

"என்ன கை?"

"உங்க கை. வலது கை."

கோபம் வந்துவிட்டது அவருக்கு. "கிண்டல் பண்றியா?"

"இல்லைங்க. ஆபீஸ்ல இருக்கிற கையெல்லாம் பொய் சொல்லுது. காய்ச்சுப்போன கை. எதைக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லுது. உண்மை சொல்ற கை இது ஒண்ணுதான்."

மடித்த துணியை ஓரமாக வைத்தார். அப்புறம் பொம்மையை வாங்கினார். தோளைத் தள்ளினார், போனது. கால், போனது. கிரேன் கையை உள்ளங்கையால் அழுத்தினார். பாதியில் நின்றது. அவர் முகம் வாடியது.

"இங்க சிக்குது."

"எங்க?"

"இந்த எடத்துல. என் கை இல்ல, உன் பொம்மைதான் சிக்குது." வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதெல்லாம் ஒரு வேலையா? நான் பஸ்ஸை இந்த லட்சணத்துல ஓட்டினா பயணிங்க அடிக்க வருவாங்க" என்றார்.

இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை. அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடு. பசை என்ன பசை வாங்கி வச்சிருக்க, ஒட்டவே மாட்டேங்குது" என்றார்.

மார்ச் 24, திங்கள்

டிவி கம்பெனி அம்மாவின் முன்னால் மீசை தன் பங்குக்கு, உடைப்பைச் சரிசெய்த பழைய மாதிரியைத்தான் முதலில் வைத்தார். கடகட சத்தம் காட்ட வேண்டுமாம். அந்த அம்மா தோளைத் திருப்பினார். கடக். திரும்பியது தோள் அல்ல, அவருடைய நகம். மீசைக்கு வேர்த்துவிட்டது.

நான் வெள்ளை மாதிரியைத் தள்ளி வைத்தேன். சிக்கிய இடத்தை நேற்று முழுக்க உட்கார்ந்து இழைத்திருந்தேன். நகம் உடைந்த கையாலேயே அழுத்தினார். டக். இடிமலையன் நிமிர்ந்தான். அந்த அம்மா, நாற்பதைத் தாண்டியவர், கண்டிப்பானவர், தன்னை மறந்து கைதட்டினார்.

வெளியே வந்ததும் மீசை, "அந்த டக் நல்லாத்தான் இருக்கு" என்றார். "கொஞ்சம் சத்தமா வைக்க முடியுமா?"

மார்ச் 29, சனி

ஒவ்வொரு திருத்தமும் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போகிறது. இன்றைய தீர்ப்பு: "இடது முட்டி சோம்பேறி."

ஏப்ரல் 11, வெள்ளி

அச்சு வெட்டப் போய்விட்டது. கையெழுத்துப் போட்டேன்.

கடைசி வெள்ளை மாதிரியை ஆபீஸ் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டில் பக்கத்து அறையில் டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. டிவி பார்க்கும்போதும் டக். போன் பேசும்போதும் டக். பிசியோதெரபி பெண்ணிடம் இதைச் சொல்லவா வேண்டாமா? களிமண் உருண்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், கல்லாகிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டிப்போவில் மருத்துவப் பரிசோதனை. பஸ் ஓட்ட இனி அனுமதி இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு காத்திருந்தேன். வந்து செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். கொஞ்ச நேரம் அழுதார். நானும்தான்.

பிறகு, "எந்த வண்டி எப்போ கிளம்பணும்னு மைக்ல கத்துற வேலை குடுத்திருக்காங்க. உக்காந்த எடத்துல நாலு பேரைத் திட்டலாம். எனக்குன்னே செஞ்ச வேலை" என்றார்.

செப்டம்பர் 13, சனி

பெட்டி வந்தது. கடைக்குப் போகும் முதல் இடிமலையன்களில் ஒன்று.

ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் தாள் தனியாக இருந்தது. நகத்தளவு எச்சரிக்கைக் கோடுகள், எண்கள். "நீ உள்ள போ, கிட்ட நின்னா கை நடுங்கும்" என்று விரட்டினார். வேலைக்குப் போகும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மேல் பொத்தானைத் தவிர மற்றதெல்லாம் போட்டிருந்தது, அவரே போட்டது.

ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

நெஞ்சில் இருக்க வேண்டிய எண், நெஞ்சில்தான் இருந்தது. ஆனால் சரிந்து இருந்தது. அரை நூல் சரிவுக்கே ஆபீஸில் ஆட்டம் போடுகிறவள் நான். இது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரியும்.

"கோணலா இருக்கா?"

"இருக்கு."

"வலது கையால ஒட்டினேன்."

"தெரியுது."

"பிச்சுட்டு வேற ஒட்டவா?"

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுடுவேன்."

"அந்த வேலை ஏற்கெனவே முடிஞ்சுது" என்று சொல்லிச் சிரித்தார், பழைய சிரிப்பு, தெருவுக்கே கேட்கிற மாதிரி.