சீல் பதியாத சீட்டு

அக்கா,

என் மெடிக்கலுக்குப் பக்கத்தில் போன வாரம் ஒரு ஜெராக்ஸ் கடை திறந்தார்கள். லேமினேஷன் மெஷின் சூடேறி பிளாஸ்டிக் இளகும் வாசனை நாள் முழுக்க என் கடைக்குள் வருகிறது. ஊதுபத்தியை இரண்டாக ஏற்றிப் பார்த்தேன், போகவில்லை. அந்த வாசனை வந்தால் உன் ஞாபகம் வருகிறது; உன் ஞாபகம் வந்தால் அந்த ஆளின் ஞாபகமும் வருகிறது. உனக்கு எழுதுகிற கடிதத்தில் அவரைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் போகிறேன்.

மில்லில் வேலை இருந்தவரை உனக்குக் கவலை இல்லை. இன்சூரன்ஸ் கார்டு இருந்தது, கார்டைக் காட்டினால் பார்க்க ஒரு மனநல டாக்டர் இருந்தார். தினமும் ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் போலத் தூங்கினாய், எல்லோரையும்விட ஜாஸ்தியாகக் கேலி பேசினாய். நாம் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களில்கூட, "சண்டை போடறதுன்னா மாத்திரைய குடுத்துட்டுப் போடுடி" என்று கையை நீட்டுவாய். நானும் எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.

மில்லை மூடினார்கள். கார்டு செல்லாமல் போனது. அதே கோடையில் டாக்டரும் மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார். போகுமுன் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, வேறு டாக்டர் கிடைக்கும்வரை இதை வைத்து வாங்கிக்கொள் என்றார். மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் மருந்துக் கடைக்காரர் சீட்டின் பின்னால் தேதியோடு சீல் குத்துவார். நாலு மாதத்தில் சீட்டு மடிப்பில் கிழிய ஆரம்பித்தது. இன்னொரு சீட்டுக்கு எங்கே போவது என்று பயந்து, ரேஷன் கார்டுக்குச் செய்கிற மாதிரி நான்தான் அதை லேமினேஷன் போட்டு வந்தேன். உன்னைக் கேட்கவில்லை. நீ அதை வாங்கித் தட்டிப் பார்த்து, "மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தாய்.

அடுத்த முறை நாம் போனது பௌர்ணமி அன்று. கடை நிறைய, கிரிவலம் முடித்துக் கால்வலித் தைலம் வாங்குகிற கூட்டம். கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீலை அழுத்தினார், மை வழுக்கி வழிந்தது. "இன்னாம்மா, லேமினேட் பண்ணிட்டீங்களே? சீல் பதியாதே இதுல. புது சீட்டு கொண்டாங்க." அதுவரை அவர் மேல் தப்பில்லை. இன்று நானும் அதைத்தான் சொல்வேன். "டாக்டர் ஊர்ல இல்லீங்க, பத்து நாளைக்காவது குடுங்க" என்று நான் கெஞ்சியதும்தான் அவர் குரலை உயர்த்தினார். "பைத்திய மாத்திரைம்மா இது! கத்திரிக்கா மாதிரி கேட்டா குடுப்பாங்களா? யாருக்கு இது, உனக்கா, இவளுக்கா?"

கூட்டம் மொத்தமும் திரும்பி உன்னைப் பார்த்தது. ஒரு அம்மாள் தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

மற்ற கடைகளிலும் புதுச் சீட்டுதான் கேட்டார்கள். ஆனால் மெதுவாகக் கேட்டார்கள். வேலூரில் ஒரு டாக்டரிடம் புதன்கிழமைக்கு டோக்கன் வாங்கினேன். நீ பஸ் ஏற மறுத்துவிட்டாய். "வாணாம்டி. அங்கயும் சத்தமா கேப்பாங்க."

உன் தூக்கம் போனது. பிறகு நடக்க ஆரம்பித்தாய். மலையைச் சுற்றி இரண்டு சுற்று, மூன்று சுற்று, வெறுங்காலோடு. வேறு ஊராக இருந்தால் யாராவது பிடித்து நிறுத்தியிருப்பார்கள். இங்கே மலை சுற்றுகிறவளை யார் தடுப்பார்? நான் பின்னால் ஓடி வந்து உன் கையைப் பிடித்தபோது, "விடும்மா, வேண்டுதலா இருக்கும்" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். உன் காலில் விழுந்து கும்பிட்டவர்களும் உண்டு. ஐந்தாம் நாள், அடி அண்ணாமலை வளைவில் லாரி வந்தது.

லாரிக்காரனின் முகம் எனக்கு மறந்துவிட்டது. கடைக்காரரை மறக்கவில்லை. தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்து அரோகரா சொன்னபோது, அந்த ஆள் நாசமாகப் போகட்டும் என்று நான் சொன்னேன். லேமினேஷன் போட்ட கை என் கை என்பதும் தெரியும். அதற்கு நான் யாரைச் சபிப்பது? பார்மசி படித்தேன். அவர் தெருவிலேயே கடை போட்டேன். சேவை செய்ய வந்ததாகக் கேட்பவர்களிடம் சொல்வேன். பொய். அவர் வியாபாரத்தைக் கெடுக்க வந்தேன். கெடுத்தேன். மூன்று வருஷத்தில் கடையை விற்றுவிட்டார்.

போன பௌர்ணமிக்கு அவரே என் கடைக்கு வந்தார். கண்ணாடி தடித்திருந்தது. நாலாய் மடித்த சீட்டை உள்ளங்கைக்குள் மறைத்து நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். நீ சாப்பிட்ட அதே மாத்திரை. அன்றைப் போலவே கடை நிறையக் கூட்டம். "பைத்திய மாத்திரைங்களா? யாருக்குங்க இது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத்தாம்மா" என்றார். இனித்தது அக்கா. உன்னிடம் என்ன மறைப்பது, அப்படி இனித்தது.

ஆனால் அவருக்கு என்னைப் போட்டிக் கடைக்காரியாகத்தான் தெரியும்; அன்றைக்குக் கெஞ்சி நின்றவள் என்று அடையாளம் தெரியவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டிராயரிலிருந்து உன் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், முன்னும் பின்னும் திருப்பினார். "லேமினேட் பண்ணிட்டீங்களேம்மா" என்றார், பரிதாபமாக. "சீல் பதியாதே இதுல."

முப்பது மாத்திரை கொடுத்தேன். அவர் சீட்டின் பின்னால் சீல் குத்தினேன், நன்றாகப் பதிந்தது. தீர்ந்ததும் அடுத்த மாதம் வருவார். அன்றும் சத்தமாகத்தான் கேட்பேன். உன் முகம் அவருக்கு ஞாபகம் வரும்வரை மாதாமாதம் கேட்பேன். நீ இருந்தால் திட்டுவாய், தெரியும். ஆனால் மாத்திரை இல்லை என்று மட்டும் ஒரு நாளும் சொல்லமாட்டேன். சண்டை போடுவதென்றால் கொடுத்துவிட்டுப் போடு என்று சொன்னவள் நீதானே. கொடுத்துவிட்டுத்தான் போடுகிறேன்.