அப்பா கட்டிய பூ

செவ்வாய், இரவு

எம்.டெக் படிக்கச் சென்னையிலும் ஜெர்மனியிலும் இடம் கிடைத்திருக்கிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஜெர்மனி போகத்தான் ஆசை. அப்பாவும் சாலவாக்கம் பஸ்ஸில் பார்ப்பவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு ஜெர்மனி போவுது" என்று பெருமையடிக்கிறார்.

அம்மாதான் அம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்க்கச் சொன்னாள். சிவப்பு வந்தால் ஜெர்மனி, வெள்ளை வந்தால் சென்னை. அப்பாவே இரண்டு பூவையும் இலையில் மடித்துக் கட்டினார். நான் எடுத்ததில் வெள்ளை.

"ஆத்தாவே சொல்ட்டா, இன்னா பண்றது?" என்று மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

சாமியை ஏன் இழுத்தார்? "போவாதம்மா" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், நானே ஒருவேளை சென்னையே போதும் என்று சொல்லியிருப்பேன்.