தேயிலைச் சக்கையில் ஒரு வானம்

என் தங்கை சரோஜாவுக்கு,

நீ வானத்தில் நட்சத்திரமாகிவிட்டாய் என்று இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நட்சத்திரம் என்பது எரியும் வாயு என்று கன்னியாஸ்திரிகள் நம் இருவருக்கும் ஒரே வகுப்பறையில்தான் சொல்லித் தந்தார்கள். ஆகவே உன்னை உன் பெயராலேயே கூப்பிடுகிறேன்.

உன் பிள்ளைக்காம்பராவுக்கு இப்போது நான்தான் போய்வருகிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்த அறைக்கு உனக்குப் பின் யாரும் வரவில்லை. "கொஞ்ச நாளைக்குப் பாருங்க டீச்சர்" என்று தோட்டத்தில் கேட்டார்கள். உன் அத்தான் காலமான பிறகு நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, சரி என்றுவிட்டேன். முழங்கால்களிடம் கேட்டிருக்க வேண்டும். வளர்ந்த பெண்களுக்கு ஆங்கில இலக்கணம் நடத்தியவள், பதுளையிலிருந்து நமுனுகுல பஸ்ஸில் ஏறி வந்து, தரையில் உட்கார்ந்து மூக்குத் துடைத்துவிடுகிறேன்.

உன் விண்வெளிப் பெட்டியைத் திறந்தேன். அட்டைக் குழல் ராக்கெட், கம்பளி நூல் உருண்டைக் கிரகங்கள், பால்மா பைக்கட்டின் உட்புறத்தில் வெட்டிய வெள்ளி நட்சத்திரங்கள். நீ வெட்டியதில் ஒன்றாவது நேராக இருக்கிறதா? அடிமட்டம் வைத்து எல்லாவற்றையும் புதிதாக வெட்டினேன். உதவிக்கு இருக்கும் செல்வராணி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒங்க நட்சத்திரமும் வாய்க்குள்ளதான் போவுது டீச்சர், அவங்க நட்சத்திரமும் வாய்க்குள்ளதான் போனிச்சு."

அன்றிலிருந்து உள்ளங்கையைவிடப் பெரிதாக, தடித்த அட்டையில் ஒட்டித்தான் வெட்டுகிறேன். ராக்கெட் எங்கே போகிறது என்று ஒரு பொடியனிடம் கேட்டேன். "கொழும்புக்கு! அப்பாகிட்ட!" என்றான். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அபிஷாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கொழுந்து பறிக்கும் வசந்தியின் மகள், உன் செல்லம். இரண்டரை வயதாகியும் கை விரிக்காத பிள்ளை. கோதுமை மா பட்டாலும் அழுகை, புல் பட்டாலும் அழுகை. காய்ந்த, மெல்லிய பொருட்களைத் தொடவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் அல்லவா? நீ அரிசிக்குக் கறுப்புச் சாயமேற்றித் தட்டில் பரப்பி, அதில் நட்சத்திரங்களை வைத்தாய். "பனி மூடுனா மேல வானம் தெரியாதுக்கா, கீழ செஞ்சி குடுப்போம்" என்றாய். அவள் ஒற்றை விரலை வைத்தாள். பிறகு அரிசி விலை ஏறியது. சோற்றுக்கு உரியதைத் தட்டில் கொட்ட உனக்கே மனம் வரவில்லை. பிறகு நீயும் இல்லை. அந்த ஒரு விரலையும் அவள் மடக்கிக்கொண்டாள்.

மணல் வைத்தேன், மரத்தூள் வைத்தேன், கிழித்த காகிதம் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு காலையில் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில், தேத்தண்ணி வடிக்கும் பையிலிருந்து கடைக்கார நானா சக்கையை உதறிக் கொட்டுவதைப் பார்த்தேன். கறுகறுவென்று, இரவு வானம் போல. எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன்.

"டீச்சர், சீனி கேட்டு வருவாங்க, கடன் கேட்டும் வருவாங்க. சக்கை கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்."

அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தேன். தட்டில் பரப்பி நட்சத்திரங்களை வைத்ததும் அபிஷா தானாகவே வந்தாள். முதலில் ஒரு கை, பிறகு மறு கை. ஒரு கிரகத்தைப் புதைத்தாள், தோண்டி எடுத்தாள், மறுபடியும் புதைத்தாள். சிரித்தாள், சரோஜா. அந்தப் பிள்ளைக்குச் சிரிப்புச் சத்தம் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். நான் என்னை மறந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். யாரும் திரும்பவில்லை.

மத்தியானம் வசந்தி சோறு ஊட்ட வந்தாள். பிள்ளை இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கித் தாயிடம் காட்டியது. வியர்வையில் சாயம் இறங்கி, இரண்டும் கறுத்திருந்தன.

"இது என்னா டீச்சர்?"

"வானம், வசந்தி. புள்ள கைய விரிச்சிட்டா பாருங்க."

"இது தேயில."

"சக்கைதான். கழுவிக் காயவெச்சது, சுத்தமானது."

அவள் தன் கைகளை என் முன் நீட்டினாள். வெடிப்புகளில் எல்லாம் கொழுந்துக் கறை. "எங்கம்மா கையி, எங்கையி, எல்லாம் தேயிலைக்குள்ளதான் போச்சி. இவ கையி அதுக்குள்ள போகக் கூடாதுன்னுதானே நான் மல ஏறுறேன்? ஒங்க புள்ளன்னா இத குடுப்பீங்களா?"

அவள் பிள்ளையைத் தண்ணீர்ப் பீலிக்கு இழுத்துப்போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். பிள்ளை கதறியது. கை திரும்பவும் மூடிக்கொண்டது. மறுநாளிலிருந்து அபிஷா வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். மணலுக்கு நீலச் சாயமேற்றி எடுத்துப்போயிருந்தேன். வசந்தி கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். "கோவமில்ல டீச்சர். ஒங்கள மதிக்காம பேசல" என்றாள். நானும் கோபப்பட்டு வரவில்லை என்றேன். பேசிக்கொண்டிருந்த எங்களுக்குப் பிள்ளை எழுந்து போனது தெரியவில்லை.

வாசலில் ஒரு ரோசாச் செடி. தேத்தண்ணி வடித்த சக்கையை வசந்தி அதன் அடியில்தான் கொட்டுவாள். அபிஷா அங்கே குந்தியிருந்தாள். இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை ஈரச் சக்கைக்குள். புல் பட்டால் அழுகிற பிள்ளை!

வசந்தி ஓடினாள். இழுத்து அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் குந்தி, பிள்ளையின் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். வெளியே இழுக்கவுமில்லை, விடவுமில்லை.

"பாருங்க டீச்சர். இந்த ஒலகத்துல வேற ஒண்ணுமே கெடைக்கலையா இவளுக்கு?"

நீயாக இருந்தால் அவர்களோடு மண்ணில் உட்கார்ந்திருப்பாய். நான் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நேராக நின்றேன். வேறு எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியாது.

"நாளைக்குப் புள்ளய அனுப்புங்களேன், வசந்தி."

"அந்தத் தட்டு இருக்குமா?"

"நீங்க வேணாம்னா இருக்காது."

"இல்லன்னா இவ எதுக்கு அங்க வரணும்? இருந்தா நான் எப்புடி அனுப்புறது?"

சொல், சரோஜா. தாய் சொல்வதில் எங்கே பிழை? பிள்ளை கேட்பதில் எங்கே பிழை? வாழ்நாளெல்லாம் சிவப்பு மையால் பிழை திருத்தியவள் நான். இதில் எந்த இடத்தில் கோடு போடுவேன்?

இதைச் சரிசெய்துவிடுவேன் என்று உனக்கு வாக்குத் தர மாட்டேன். முடியுமா என்று தெரியாத ஒன்றை வாக்காகத் தருவது எனக்குப் பழக்கமில்லை. தரக்கூடியது இவ்வளவுதான்: வசந்தி சொல்லாமல் அந்தத் தட்டை அந்தப் பிள்ளையின் முன் வைக்க மாட்டேன். ஆனால் அவள் சரியென்று சொல்லும் நாளில், இன்னும் காயவில்லை, நாளைக்கு வா என்று சொல்லவும் மாட்டேன். சக்கையைக் கொட்டிவிட வேண்டாமென்று கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். வெயில் உள்ள நாளெல்லாம் காயவைக்கிறேன்.

உனக்கு முன் பிறந்தும், உன் வேலைக்கு உனக்குப் பின் வந்து சேர்ந்த,
உன் அக்கா கமலா