நெஞ்சில் தெரிந்த நிழல்

ஷிம்லாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் நீ தனியாக இருந்து அழுவாய் என்றுதான் இதைப் போனில் சொல்லவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு எழுதுகிறேன்.

இருமல் விடவில்லை என்று புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரேயில் வலது பக்க நெஞ்சில் ஒரு நிழல் தெரிந்தது. டொக்டர் அதிகம் கதைக்காமல் ஸ்கேனுக்கு அனுப்பினார். பிறகு ஸ்கேனில் பார்த்துப் பார்த்தே, நிழல் இருந்த இடத்தில் ஊசியை இறக்கிச் சதைத்துண்டு எடுத்தார்கள்.

முடிவு வரும்வரை நான் கடலுக்குப் போகவில்லை. மகளுக்கு மீன் ஆணம் ஆக்கப் பழக்கினேன்.

போன வாரம் டொக்டர் சிரித்த முகத்தோடு கூப்பிட்டார். "நீங்க பயந்த வருத்தம் இல்ல, இது காசநோய். ஆறு மாசம் ஒழுங்கா குளிசை குடிச்சா சுகமாகிடும்" என்றார். பிள்ளைகளையும் சோதித்தாயிற்று, அவர்களுக்கு ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று வரும் வழியில், ஊசி போட்ட மறுநாளே தம்பி ஹுனைஸுக்குக் கொடுத்துவிட்டிருந்த என் வலையைத் திருப்பிக் கேட்டேன்.

"ஓம், எடுங்க. நானா, நீங்க அப்ப ஏன் தந்தீங்க, இப்ப ஏன் கேக்கிறீங்க?" என்றான்.

"சும்மாதான்டா" என்றேன்.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாம்புரிக் கரையோரமாக வீடுவரை நடந்தே வந்தேன்.

உன் பிள்ளைகளின் வாப்பா