இடக்கம்பம், வலக்கம்பம்

2012 ஆகஸ்ட், சனி இரவு. மெல்பேர்ண், நோபல் பார்க்.

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் வென்றுவிட்டோம். கடைசி நிமிடத்தில் நான் தடுத்த அடியைப் பற்றித்தான் உடைமாற்றும் அறையில் எல்லோரும் பேசினார்கள். நானும் சிரித்தேன். அந்த அடி எனக்கு நினைவில் இல்லை.

அதற்குச் சற்று முன் ரப்பர் வட்டு முகக்கவசத்தில் பட்டது நினைவிருக்கிறது. விழுந்து எழும்பினேன். வழக்கம்போலக் கோல்வலையின் இடக்கம்பத்தையும் வலக்கம்பத்தையும் மட்டையால் தட்டிப் பார்த்தேன். திரும்பிப் பாராமலே நிற்கும் இடத்தை அறிய அதுதான் வழி. அதன் பிறகு நினைவில் வருவது உடைமாற்றும் அறையின் இரைச்சல்தான். இடையில் ஒன்றுமில்லை.

டொக்டரிடம் சொல்லவில்லை. தலையில் இது மூன்றாவது அடி. தெரிந்தால் அரையிறுதியில் இறக்கமாட்டார்கள். கனடாவுக்குத் திரும்பினாலும் எந்த அணியும் எடுக்காது. முப்பத்தொரு வயதில், ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை தெரியும்?

நான் தங்கியிருக்கும் சித்தி வீட்டுக்கு வந்ததும் பசித்தது. குசினிக்குப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற சித்தி திரும்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி, திரும்பவும் கதவு நிலையை ரெண்டு பக்கமும் தட்டிப்போட்டு வாறாய்?”

“திரும்பவுமோ?”

“முதலும் இப்பிடித்தானே வந்தனீ. புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டிட்டுப் போனனீ.”

நான் சாப்பிட்ட தட்டு அவர் கையில்தான் இருந்தது, பாதி கழுவியபடி.

“ஓம் சித்தி, தெரியும். இன்னும் பசிக்குது,” என்றேன்.

அவர் என்னையே பார்த்தபடி புட்டை எடுத்து வைத்தார். எனக்குப் பசி போய்விட்டது. அவர் நம்ப வேண்டுமே என்று முழுவதையும் சாப்பிட்டேன்.