ஆக்ஸிஜன் படத்தில் ஒரு பஜ்ஜி

4.8, திங்கள். புழுக்கம்.

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று காலை 7.40க்கு, மந்தைவெளி ஸ்டேஷன் படிக்கட்டில், என் இடது செருப்பின் வார் இயற்கை எய்தியது. இறுதி மரியாதை: ஒரு ஊக்கு.

மற்ற செய்தி: லேப் மணியை ஒளித்து வைத்ததற்குத் தண்டனையாக, இயற்பியல் சார் என்னை ஜெனிஃபரோடு ஜோடி சேர்த்துவிட்டார். (இனி ஜெ.) அடையாறில் அறிவியல் கண்காட்சி. ஸ்கூலிலிருந்து ஒரே டீம். வியாழன் தேர்வு. போன வருஷம் கூட்டாளி சொதப்பியதில் ஜெ. போக முடியவில்லை.

"இந்த வாட்டியும் போச்சுன்னா அவ்ளோதான்டா. அடுத்த வருஷம் பப்ளிக், வுட மாட்டாங்க."

தலைப்பு அவளுடையது: துருவ ஒளியின் (அரோரா) புற ஊதாப் படங்கள். ஊதுவது என் துறை. ஒப்புக்கொண்டேன்.

5.8, செவ்வாய். தூறல். ஊக்கு நிற்கிறது.

ஜெ. வீடு. அவள் அம்மா டீச்சர், வாசலிலேயே "கையெழுத்து எப்பிடிப்பா கீது?" என்றார். சுண்டல் நல்லா இருந்தது.

புரிந்தவரை: புற ஊதா தரைக்கு வராது, நடுவில் காற்று விழுங்கிவிடும். அதனால் கேமரா செயற்கைக்கோளில். ஒரே இடம், ரெண்டு படம். ஒன்று ஆக்ஸிஜன் விடும் ஒளி, இன்னொன்று நைட்ரஜன் விடுவது. முதலாவதை இரண்டாவதால் புள்ளிக்குப் புள்ளி வகுத்தால், அங்கே மேலே எது எவ்வளவு என்று தெரியும். துருவ ஒளி கொளுத்தும்போது காற்று சூடாகி நைட்ரஜன் மேலே ஏறும், ஆக்ஸிஜன் பங்கு குறையும். இதைக் காட்டினால் முடிந்தது.

என் வேலை கலர். புற ஊதாவுக்குக் கண்ணுக்குத் தெரிகிற நிறம் கிடையாது, நாம் கொடுப்பதுதான்.

"கலர் மட்டும் போடு. ஒரிஜினல்ல கை வெக்காத."

வைத்தேன். ஆக்ஸிஜன் படத்தில் பிரஷ்ஷால் ஒரு வெள்ளைத் திட்டு. மிளகாய் பஜ்ஜி வடிவம். அவள் திணறுவதைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகத் திட்டம். இதுவரை என்னை யாரும் பிடித்ததில்லை.

6.8, புதன். வெயில்.

வலையில் விழுந்தாள்! வகுத்த படத்தில் குறைய வேண்டிய இடத்தில் ஆக்ஸிஜன் எகிறுகிறது.

"டேய், இன்னாடா இது? நான் எங்கியோ தப்பு பண்ட்டேன்."

மூன்று தடவை முதலிலிருந்து வகுத்தாள். சுண்டலைத் தொடவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்காமல் பாத்ரூமுக்கு ஓடினேன். வந்து சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் அம்மா விளக்கேற்றி ஜெபம் ஆரம்பித்துவிட்டார். நாளை.

7.8, வியாழன். காற்று.

லேப். சார் திட்டைத் தொட்டுக் காட்டி, "இது என்னம்மா?"

நான் வாயைத் திறக்குமுன் ஜெ.: "வானத்துல உள்ளது இல்ல சார். மேலருந்து எலக்ட்ரான் வந்து மோதுனா ரெண்டும் மின்னணும். நைட்ரஜன் படத்துல இந்த இடத்துல இப்பிடித் திட்டே இல்ல. படத்துலதான் கோளாறு. எங்க வந்துச்சுன்னு தெரியல."

"வாதம் சரி. ஆனா கோளாறு எங்கேருந்துன்னு தெரியாத படத்தை நான் அனுப்ப முடியாது. நாளைக் காலைக்குள்ள கண்டுபிடி. இல்லன்னா அடுத்த டீம்."

வெளியே வந்ததும் ஜெ. "உன் தப்பு இல்லடா" என்றாள். என்னிடம்.

8.8, வெள்ளி. எப்படி இருந்தது வானம்? பார்க்கவில்லை.

லேப் ரெக்கார்டில் எல்லா சோதனைக்கும் கடைசியில் 'பிழைக்கான காரணங்கள்' என்று ஒரு தலைப்பு வரும். எப்போதும் 'கருவிப் பிழை' என்று காப்பியடிப்பேன். இன்று கண்காட்சி சார்ட்டில் அதே தலைப்பின் கீழே என் பேர், 'செவ்வாய் மாலை, பிரஷ், பஜ்ஜி'. ஜெ. வருமுன் எழுதி சாரிடம் கொடுத்துவிட்டேன். வந்ததும் படித்தாள். ஒரிஜினலை நெட்டிலிருந்து திரும்ப இறக்கினோம். ஆக்ஸிஜன் குறைந்தது, ஒழுங்காக.

ஜெ. போகிறாள். தனியாக. நான் இல்லை, சரிதான். மூன்று வகுப்பு என்னோடு பேசவில்லை. நாலாவதில், "பஜ்ஜியா அது? நான் வாழைக்காய்னு நெனச்சேன்."

செவ்வாயன்று எழுதிய 'யாரும் பிடித்ததில்லை'யை அடித்துவிட்டேன். பிடித்தது நைட்ரஜன்.

இன்னொன்று. புதன்கிழமை பாத்ரூமுக்கு ஓடியது சிரிக்க இல்லை, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.