மாத்திரையை நிறுத்தியவருக்கு

உங்கள் காக்கிச் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இன்று காலை பீரோவைத் திறந்தேன். ஒரு சட்டையின் பையில் ஏதோ மொரமொரத்தது. எடுத்துப் பார்த்தால் லித்தியம் மாத்திரை அட்டை. இன்னும் நான்கு மாத்திரைகள் மிச்சம். எங்காவது போன இடத்தில் நேரமாகிவிட்டால் நம் பெண் வாணிக்கு உதவும் என்று எப்போதும் பையில் வைத்திருப்பீர்களே, அது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு சிரிப்பும் வந்தது. இதே மாத்திரையை ஒரு காலத்தில் நீங்கள் என்ன பாடு படுத்தினீர்கள்!

வாணி கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம்தான் அது வந்தது. மூன்று வாரம் ஓயாத பேச்சு, ஓயாத பாட்டு. காதில் கிடந்த கம்மலைக் கழற்றிப் பூக்காரிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவள் தலைகூட வாரவில்லை. முதலாவதைத் திமிர் என்றீர்கள், இரண்டாவதைச் சோம்பேறித்தனம் என்றீர்கள். நான்தான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தீர்கள்.

பைபோலார் என்று டாக்டர் சொன்னார். மனசு அளவுக்கு மீறி மேலே போகும், அதே மாதிரி கீழேயும் விழும், இந்த மாத்திரை மூட் ஸ்டெபிலைசர் என்றார். மின்துறை லைன்மேன் ஆயிற்றே நீங்கள். "ஃப்ரிட்ஜுக்கு வெக்கிறோமே, அந்த மாதிரியா சார்?" என்று கேட்டீர்கள். "கிட்டத்தட்ட அதேதான்" என்று டாக்டர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

ஏழு மாதம் நன்றாகப் போயிற்று. கை லேசாக நடுங்கும், உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது, அவ்வளவுதான். அப்போதுதான் உங்கள் அக்கா வந்து, "பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடற பொண்ண எவன் கட்டுவான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளே மாத்திரை டப்பாவை எடுத்து உங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள்.

"புள்ள நல்லாத்தான இருக்கா? இன்னும் எதுக்கு அந்த விஷத்தக் குடுக்கற?"

"மாத்திரையாலதாங்க நல்லா இருக்கா."

"நீ இன்னா டாக்டரா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். தப்பில் பாதி என்னுடையது. இதை உங்களிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை.

ஐந்தாவது வாரம் வாணிக்குத் தூக்கம் போய்விட்டது. நாலாம் நாள் காலையில் செருப்புக்கூடப் போடாமல் வெளியே கிளம்பினாள். நீங்கள் பின்னாலேயே ஓடினீர்கள். அன்று நடந்ததைப் பிற்பாடு துண்டு துண்டாகத்தான் என்னிடம் சொன்னீர்கள். முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைச் சாலை, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் பாலம் என்று அவள் நடந்துகொண்டே இருந்தாள். போகிற வண்டிகளை எல்லாம் கைதூக்கி ஆசீர்வதித்தாள். டிராஃபிக் போலீஸ்காரரை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னாள். ஜனங்கள் நின்று சிரித்தார்கள். கையைப் பிடித்தால் திமிறிக்கொண்டு நடுரோட்டில் பாய்ந்துவிடுவாளோ என்ற பயத்தில் பிடிக்காமல் கூடவே நடந்தீர்கள்.

வீராம்பட்டினத்தில் கரையேற்றி வைத்திருந்த படகு ஒன்றின் பக்கம் போய் மணலில் உட்கார்ந்தாள். பாதமெல்லாம் ரத்தம். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "ஒன் பொண்ணா? இன்னா ஆச்சு?" என்று கேட்டாளாம். அதுவரை தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் டைபாய்டு என்று சொல்லிவந்த நீங்கள், "மனசுக்கு உடம்பு சரியில்லம்மா" என்றீர்களாம். அப்போது வாணி உங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, தலைக்குள்ள ஓடிக்கினே இருக்குப்பா. என்னால நிறுத்த முடியல. நீ நிறுத்தறியா?"

சேதி கிடைத்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது நீங்கள் டாக்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். மாத்திரையை எப்போது விட்டாள் என்று அவர் கேட்டார். உங்கள் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"அவ விடல சார். நான்தான் நிறுத்தினேன்."

இருபது வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியவள் நான். ஒரு சின்ன விஷயத்தில்கூட நீங்கள் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

ஒரு மாதம் வார்டில் இருந்தாள். திரும்பி வந்த பிறகு நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். நீள நோட்டில் கோடு போட்டு அவள் தூங்கிய மணியை எழுதினீர்கள். மருந்தின் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை நாளில் காலை மாத்திரைக்கு முன்பே அவளை அழைத்துப் போனீர்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, வெயில் நாளில் தண்ணீர் குடித்தாயா, குடித்தாயா என்று அவள் பிராணனை வாங்கினீர்கள். "என்ன போலீஸ் மாதிரி பாக்காதப்பா" என்று அவள் ஒருநாள் கத்தியதும், டப்பாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டீர்கள். உள்ளே அவள் மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டாள். அது தெரியாமல் நீங்கள் வெளியே தவித்துக்கொண்டிருந்தீர்கள்.

எல்லாம் நேர்க்கோட்டில் போய்விடவில்லை. இடையில் ஒருமுறை மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கல்லூரி நின்றுபோயிற்று. தபாலில்தான் படித்து முடித்தாள். ஆனால் டி.டி.பி. சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, முதன்முதலாகத் தானே வடிவமைத்த கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டினாளே! முன்பின் தெரியாதவர்களின் பத்திரிகையை ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டித் திரிந்தீர்கள்.

பிறகு ஒரு காலையில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் வீடு நிறைய ஜனம். வாணி அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ரெண்டு நாளா தூங்கல. துக்கத்துலன்னு நெனச்சேன். இல்லம்மா, தல வேகமா ஓட ஆரம்பிச்சிருக்கு. இன்னிக்கே டாக்டர்கிட்ட போலாமா?"

யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் பார்த்துச் சொல்லாமல் அவளே கண்டுபிடித்துவிட்டாள். நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டும். வாசலில் உங்கள் அக்கா மறித்தார். "சாவு வீட்ட விட்டுட்டு எங்க கெளம்பிட்டீங்க?"

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "வாணிக்கு பைபோலார் அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். அண்ணி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வெயில் ஏறிடுச்சி. பஸ்ஸு வேணாம், ஆட்டோல போங்க" என்று வழிவிட்டார். டாக்டர் சில நாளைக்கு இன்னொரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் தூக்கம் திரும்பிவிட்டது. வார்டுக்குப் போக வேண்டிய அவசியமே வரவில்லை.

நோய் மறுபடி வராது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மறைக்கிற பாரம் போய்விட்டது. டாக்டர் முன்னால் நீங்கள் நின்ற விதம்தான் எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வாணியைப் பற்றிச் சாடைமாடையாகக் கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். உடனே அவள், தன் தங்கை ஒருத்தி நான்கு மாதமாக அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்று அழுதாள். புதன்கிழமை இருவரையும் நம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். வாணியும் லீவு போட்டுவிட்டாள். "நீ பேசினா அவங்க பயந்துடுவாங்கம்மா, நான் பேசிக்கறேன்" என்கிறாள்.